பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டிகள்: டெல்டாவிலிருந்து ஓர் அணியைத் தயார் செய்வது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ஏதாவது ஒரு பள்ளியில் ரோபோ போட்டிக்கு அணி அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தால், அந்த வாரமே யாராவது ஒருவர் ‘கிட்’ ஒன்றை ஆர்டர் போட்டுவிடுகிறார். எந்தப் போட்டி, எந்த வயதுப் பிரிவு, அந்தக் கிட்டுக்கு அங்கே அனுமதி உண்டா என்ற கேள்விகள் பார்சல் வந்த பிறகுதான் வருகின்றன. இந்த வரிசை தலைகீழ். போட்டியை முடிவு செய்ய வேண்டும், விதிப்புத்தகத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும், அணியைச் சேர்க்க வேண்டும். பணத்தில் கை வைப்பது அதற்கப்புறம்.

6-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வைத்து முதல்முறை இறங்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். நீங்கள் பொறுமையாக இருந்தால் போதும்.

எந்தப் போட்டி?

உலக அளவில் பெயர் பெற்றவை மூன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை எடைபோடுவது சுலபம்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக். அமெரிக்காவில் 1989-இல் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பும், பிளாஸ்டிக் கட்டைப் பொம்மைகளுக்குப் பெயர்போன லெகோ நிறுவனமும் சேர்ந்து 1990-களின் இறுதியில் ஆரம்பித்தது. இதன் ‘சேலஞ்ச்’ பிரிவு 9 முதல் 16 வயது வரையிலானவர்களுக்கு. ஓர் அணியில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ரோபோ மேசைமேல் ஓடும் நேரம் இரண்டரை நிமிடம். ஆனால் மதிப்பெண் ரோபோவுக்கு மட்டும் இல்லை. ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள், அந்த ஆண்டுக் கருப்பொருளில் என்ன திட்டப்பணி செய்தீர்கள், அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்று மூன்று வகையில் நடுவர்கள் தனியாக மதிப்பிடுகிறார்கள். பேச்சுத் திறமை உள்ள பிள்ளை, வரையத் தெரிந்த பிள்ளை, கணக்கு வழக்குப் பார்க்கும் பிள்ளை எல்லோருக்கும் இதில் இடம் இருக்கிறது.

வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட். 2004-இல் சிங்கப்பூரில் முதல் போட்டி. 2016-இல் உலக இறுதிப் போட்டி டெல்லியில் நடந்தது. அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர், ஒரு பயிற்சியாளர். ‘ரோபோமிஷன்’ பிரிவில் ரோபோ தானாகவே ஓடி இரண்டு நிமிடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். புறப்படும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் 25 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். போட்டியன்று காலையில் ‘திடீர் விதி’ ஒன்றை அறிவிப்பார்கள். வீட்டில் யாரோ எழுதிக் கொடுத்த நிரலை (புரோகிராமை) மனப்பாடமாகக் கொண்டுவந்த அணிக்கு அங்கேயே வியர்க்கும். ‘ஃபியூச்சர் இன்னொவேட்டர்ஸ்’ என்பது திட்டப்பணிப் பிரிவு. ‘ஃபியூச்சர் எஞ்சினியர்ஸ்’ என்பதில் தானியங்கிக் கார் செய்ய வேண்டும். லெகோ கட்டாயமில்லை, ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற ரோபோவின் மூளையாகச் செயல்படும் சிறு மின்னணுப் பலகைகளில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல இடம்.

மூன்றாவது ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச். 12 முதல் 18 வயது. புறப்படும்போது ரோபோ 18 அங்குலக் கன சதுரத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 30 விநாடி தானாக ஓடும், அப்புறம் 2 நிமிடம் பிள்ளைகள் ரிமோட்டில் ஓட்டுவார்கள். செலவு அதிகம். முதல் வருடமே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

லெகோ லீக், ரோபோ ஒலிம்பியாட் இரண்டையும் நம் நாட்டில் இந்தியா ஸ்டெம் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைக்கிறது. கட்டணம், மண்டலப் போட்டி எந்த ஊரில், கடைசித் தேதி ஆகியவை வருடா வருடம் மாறும். அவர்களுடைய அறிவிப்பை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டரை நம்ப வேண்டாம். ‘தேசிய’, ‘சர்வதேச’ என்ற பெயரோடு ஒரு நாள் போட்டி நடத்தி, பணம் கட்டிய எல்லோருக்கும் கோப்பை கொடுத்து அனுப்பும் ஆட்களும் உண்டு. விதிப்புத்தகம் முன்கூட்டியே கிடைக்கிறதா, நடுவர்கள் எதை வைத்து மதிப்பெண் போடுவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒதுங்கிவிடலாம்.

காசு செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. ஒன்றிய அரசின் இன்ஸ்பையர்-மானக் திட்டத்தில் பள்ளி மூலம் யோசனையை அனுப்பினால், தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய ரூ.10,000 வங்கிக் கணக்கில் வரும். மாவட்டக் கண்காட்சியில் தொடங்கித் தேசிய அளவு வரை போகலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டமும் இருக்கிறது. நடுநிலை வகுப்புகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்பதற்கான வானவில் மன்றம் 2022 நவம்பரில் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அது போட்டி இல்லை. ஆனால் அதில் சோதனை செய்து கை பழகிய பிள்ளைகள் உங்கள் அணிக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அணியும் அனுமதியும்

முதல் மதிப்பெண் எடுக்கும் ஐந்து பேரைப் பொறுக்கிச் சேர்ப்பது வழக்கமாக நடப்பது. அவர்களுக்குத் தேர்வு, டியூஷன், ஒலிம்பியாட் என்று ஏற்கெனவே நேரம் கிடையாது. சைக்கிள் செயினைத் தானே மாட்டும் பையன், வீட்டில் மிக்ஸி நின்றால் திறந்து பார்க்கும் பெண் போன்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். 8-ஆம், 9-ஆம் வகுப்பிலிருந்து பெரும்பாலானவர்களை எடுங்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு என்பதால் பாதியில் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

பெண் பிள்ளைகள் அணியில் இருந்தால் பெண் ஆசிரியர் ஒருவரும் தொடக்கத்திலிருந்தே உடன் இருக்கட்டும். போட்டிக்கு வெளியூர் போய் ஒரு இரவு தங்க வேண்டியிருக்கும். “யார் மிஸ் கூட வருவாங்க?” என்பதுதான் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அதற்குப் பதில் தேடினால் நன்றாக நிரல் எழுதும் பெண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக நேரும்.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அருகில் அடல் டிங்கரிங் ஆய்வகம் (பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு பொருள் செய்து பழகும் இடம்) உள்ள பள்ளி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் இந்த ஆய்வகங்களுக்கு ரூ.20 லட்சம் வரை கொடுக்கிறது. பல இடங்களில் கருவிகள் பீரோவுக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பார்த்து, சனிக்கிழமைகளில் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கேட்டால் மறுப்பவர் குறைவு.

நம் ஊர் நாட்காட்டி

ரோபோ ஒலிம்பியாட் விதிகள் சனவரியில் வெளிவரும். உலக இறுதி பெரும்பாலும் நவம்பரில். லெகோ லீக்கின் கருப்பொருள் ஆகஸ்ட் வாக்கில் வரும். நம் நாட்டுப் போட்டிகள் அதற்குச் சில மாதங்கள் கழித்து.

இதை டெல்டாவின் வருடத்தோடு பொருத்திப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிற சமயம் பள்ளியும் திறந்திருக்கும். அடிப்படைப் பயிற்சிக்கு ஜூன், ஜூலைதான் நல்ல மாதங்கள். செப்டம்பரில் காலாண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் ரெட் அலர்ட் என்றால் பள்ளி விடுமுறை, பயிற்சியும் நின்றுபோகும். டிசம்பரில் அரையாண்டு. ஆகவே மழைக்காலத்தில் புதிதாக எதையும் கட்டத் திட்டமிடாதீர்கள். ரோபோவின் உடல் செப்டம்பர் இறுதிக்குள் முடிந்திருக்கட்டும். மழை நாட்களில் நிரலையும் பேச்சையும் வீட்டிலிருந்தே திருத்திக்கொள்ளலாம்.

முதல் ரோபோ: கோட்டைப் பிடித்து ஓடும் வண்டி

எந்தப் போட்டிக்குப் போனாலும் முதலில் இந்த வண்டியைச் செய்துவிடுங்கள். லெகோவின் ஸ்பைக் பிரைம் என்ற ரோபோ பெட்டி முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். இதுவோ ரூ.2,000-க்குள் முடிந்துவிடும். ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் (பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார்) இரண்டு, சக்கரம் இரண்டு, முன்னால் ஒரு உருளைச் சக்கரம், கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறியும் அகச்சிவப்பு சென்சார் இரண்டு, 18650 லித்தியம் செல் இரண்டு, அதற்கான சார்ஜர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் வாங்கிவரச் சொல்லலாம். இல்லையென்றால் ஆன்லைனில் கும்பகோணத்துக்கே வந்துவிடும். சென்சார் வாங்கும்போது எண்ணாக அளவு தரும் அனலாக் முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பொருள் வருவதற்கு முன்பே டிங்கர்கேட் தளத்தில் ஆர்டுயினோ சுற்றை இலவசமாகக் கணினியில் இயக்கிப் பார்க்கலாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியே அதற்குப் போதும்.

9 வோல்ட் சதுர பேட்டரி மட்டும் வேண்டாம். அதால் மோட்டார் கிளம்பும் நேரத்துக்குத் தேவையான மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாது. வோல்ட் சரிந்து ஆர்டுயினோ அணைந்து மறுபடி தொடங்கும். பிள்ளைகள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு 18650 செல்களைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் வரும். டிரைவர் அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். மீதி ஏறக்குறைய ஐந்தரை வோல்ட் பி.ஓ. மோட்டாருக்குக் கச்சிதம். பேட்டரியின் நெகடிவ், டிரைவரின் கிரவுண்ட், ஆர்டுயினோவின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வண்டி பேசாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பி.ஓ. மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் செம்புத் தகடு காகிதம் மாதிரி மெல்லியது. ஒயரை இரண்டு முறை இழுத்தால் உடைந்துபோகும். பற்றவைத்த உடனே ஹாட் குளூ வைத்து ஒயரை மோட்டார் உடலோடு ஒட்டிவிடுங்கள்.

பாதைக்குப் பின்பக்கம் வெள்ளையாக உள்ள பழைய ஃபிளெக்ஸை விரித்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். வளைவில் டேப் இழுபட்டு வளையும் என்பதால் கோடு அழகாக வரும். சென்சார்கள் கோட்டின் இரண்டு பக்கமும், தரையிலிருந்து அரை செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

இனி நிரல். ‘இடது கறுப்பென்றால் இடது பக்கம் திரும்பு, வலது கறுப்பென்றால் வலது பக்கம் திரும்பு’ என்று எழுதினால் வண்டி ஓடும், ஆனால் வெட்டி வெட்டி ஓடும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். இடது சென்சார் காட்டும் எண்ணிலிருந்து வலது சென்சாரின் எண்ணைக் கழியுங்கள், அதுதான் பிழை. கறுப்புக்கு எண் அதிகம், வெள்ளைக்குக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். இடது 600, வலது 100 என்றால் பிழை 500. அதாவது கோடு இடது சென்சாருக்கு அடியில் இருக்கிறது, வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது. 500-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 50. அடிப்படை வேகம் 120 என்றால் இடது மோட்டாருக்கு 70, வலது மோட்டாருக்கு 170 கொடுங்கள். விலகல் அதிகமானால் திருத்தம் அதிகம், குறைந்தால் குறைவு. அந்த 0.1-ஐத்தான் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கூட்டினால் வண்டி நெளியும், குறைத்தால் வளைவில் கோட்டை விட்டுவிடும். எந்த எண்ணுக்கு என்ன நடந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நடுவர்கள் பிற்பாடு கேட்பதும் இந்த நோட்டைத்தான்.

வகுப்பறைக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி, வராண்டாவில் வெயில் விழும் இடத்தில் திக்குத் தெரியாமல் சுற்றும். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி நிறைய இருப்பதுதான் காரணம். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு சார்ட் அட்டையில் ஒரு சிறிய மறைப்பு செய்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போட்டி அரங்கின் விளக்கு வேறு மாதிரி இருக்கும் என்பதால், ஓட்டத்துக்கு முன் வெள்ளைக்கு ஒரு அளவு, கறுப்புக்கு ஒரு அளவு எடுத்துக்கொள்ளும் பகுதியை நிரலிலேயே வைத்துவிட வேண்டும்.

ஆடுகளம்: ஆசாரியும் ஃபிளெக்ஸ் கடையும்

ரோபோமிஷனுக்கும் லெகோ லீக்குக்கும் ஆடுகளத்தின் அளவு ஒன்றே: 2362 மி.மீ. நீளம், 1143 மி.மீ. அகலம். எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்று வாங்கி ஊர் ஆசாரியிடம் கொடுத்தால் ஓரச் சட்டத்தோடு மேசை செய்துவிடுவார். அளவு சட்டத்தின் உள்பக்கத்துக்கு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கால்களுக்கு அடியில் அட்டை வைத்து ரசமட்டம் பார்க்க வேண்டும். மேசை ஒரு பக்கம் சாய்ந்தால் ரோபோவும் அந்தப் பக்கம் போகும்.

ரோபோ ஒலிம்பியாட்டில் ஆடுகள விரிப்பின் கோப்பை அமைப்பே வெளியிடும், நாமே அச்சிட்டுக்கொள்ளலாம். கல்யாண பேனர் அடிக்கும் கடையிலேயே வேலை ஆகிவிடும். ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். “அண்ணே, பளபளன்னு வேண்டாம், மேட் ஃபினிஷ்ல போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பளபளப்பான பரப்பில் விளக்கு பட்டுத் தெறிக்கும், சென்சார் கறுப்பையும் வெள்ளை என்று படிக்கும். அடுத்தது அளவு. “ஷீட்டுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சுருக்கிட்டேன்” என்பார்கள். அது கூடாது, நூற்றுக்கு நூறு அளவில் வர வேண்டும். கடையிலேயே டேப் பிடித்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். எடுத்துவரும்போது மடிக்காமல் சுருட்டுங்கள்; மடிப்பு விழுந்த இடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்.

பத்து ஓட்டத்தில் எட்டு

ஆடுகளத்தில் ரோபோ செய்ய வேண்டிய ஒரு பணியை ஒரு தடவை முடித்ததும் பிள்ளைகள் கைதட்டி அடுத்ததுக்குத் தாவிவிடுவார்கள். இங்கேதான் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். பத்து முறை ஓட விடுங்கள். எட்டு முறையாவது வெற்றி பெறாமல் அடுத்த பணிக்குப் போகக் கூடாது. பாதி நேரம் மட்டும் பலிக்கும் பத்துப் பணிகளைவிட, நம்பி அனுப்பக்கூடிய ஐந்து பணிகளே மேடையில் கைகொடுக்கும்.

ஓட்டம் ஒவ்வொரு முறையும் மாறிப்போக முக்கியக் காரணம் ‘இரண்டு விநாடி நேராகப் போ’ என்று நேரத்தை வைத்து நிரல் எழுதுவது. பேட்டரி குறையக் குறைய வேகம் குறையும், தூரமும் குறையும். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது, திரும்பிய கோணத்தை அளக்கும் ஜைரோ சென்சார் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதை வைத்து எழுத வேண்டும். சில அடிக்கு ஒருமுறை ரோபோவைச் சுவரில் முட்டியோ கறுப்புக் கோட்டைப் பார்த்தோ நேர்ப்படுத்திக்கொள்வதும் பழைய, நம்பகமான உத்தி.

விதிப்புத்தகத்தை ஊன்றிப் படித்தால் இலவசமாகச் சில லாபங்கள் கிடைக்கும். லெகோ லீக்கின் சமீப ஆண்டு விதிகளில் ஆறு ‘துல்லிய வில்லை’கள் தருவார்கள். புறப்படும் இடத்துக்கு வெளியே நிற்கும் ரோபோவைக் கையால் தொட்டால் ஒன்று போகும். ஆறும் கையில் இருந்தால் 50 புள்ளி. ஐந்து இருந்தாலும் அதே 50. ஆக, ஒருமுறை கைவைப்பதால் நஷ்டம் இல்லை. இது தெரியாத அணி, மாட்டிக்கொண்ட ரோபோவைப் பார்த்தபடியே நேரத்தைத் தொலைக்கும். அதே போட்டியில் பொதுவாக மூன்று சுற்றில் எது அதிகமோ அதையே கணக்கில் எடுப்பார்கள். எனவே முதல் சுற்றில் உறுதியான பணிகளை முடித்துவிட்டு, அடுத்ததில் துணிந்து பார்க்கலாம்.

திட்டப்பணிக்கு வாய்க்கால் பக்கம் போங்கள்

இணையத்தில் சுட்ட ‘ஸ்மார்ட் குப்பைத்தொட்டி’யை நடுவர்கள் ஆண்டுதோறும் பார்த்துச் சலித்திருப்பார்கள். டெல்டாப் பிள்ளைகளுக்குக் கைவசம் நிஜப் பிரச்சினைகளே இருக்கின்றன.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் வழக்கமாக நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை பெய்தால் சாலையிலேயே நெல்லைக் காயவைத்துக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். நெல்லின் ஈரம் கூடினால் அதன் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும். இந்த ஒரு உண்மையை வைத்து, கொண்டுபோவதற்கு முன் வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கும் கருவியைப் பிள்ளைகள் செய்ய முடியும். ஆனால் செய்ததோடு நிறுத்தாமல், அதே நெல்லை நிலையத்துக் கருவியிலும் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். வித்தியாசம் வந்தால் மறைக்க வேண்டாம். ஏன் வந்தது என்று யோசித்ததைச் சொல்லும் அணிக்குத்தான் மதிப்பு. உணவு பதப்படுத்தலுக்கான தேசிய நிறுவனமான தஞ்சாவூர் நிஃப்டெம், 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இரண்டுக்கும் கடிதம் எழுதி, நேரில் பேச நேரம் கேளுங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது இன்னொரு விஷயம். மதகை ஏற்றி இறக்கும் லஸ்கரோடு ஒரு காலைப் பொழுது நடந்துபாருங்கள். ‘தானியங்கி மதகு’ என்று பிள்ளைகள் நினைத்துப் போன யோசனை, குப்பையும் ஆகாயத்தாமரையும் ஷட்டரில் அடைப்பதைப் பார்த்ததும் வேறாகிவிடும். 2025-26 லெகோ லீக் கருப்பொருள் தொல்லியல். சீர்காழி பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பூம்புகாரைவிட வேறென்ன வேண்டும்?

நடுவர் முன்

“இந்தக் கையை ஏன் இப்படி வைத்தீர்கள்?”, “இந்த வரியை எழுதியது யார்?” என்று கேட்பார்கள். பெரியவர் செய்துகொடுத்த ரோபோ என்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆகவே பயிற்சியின்போது ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள், கேள்வி மட்டும் கேளுங்கள். ரோபோ ஒலிம்பியாட்டில் பிள்ளைகள் வேலை செய்யும் பகுதிக்குள் பயிற்சியாளருக்கு இடமே கிடையாது.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுவார்கள். தமிழில் விளக்கலாமா, மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாமா என்று பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும், யாரோ எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தை ஒப்பிக்க வைக்காதீர்கள். சோதனை நோட்டையும் உடைந்த பழைய பாகத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வார்த்தை தானாக வரும்.

பயணமும் போட்டி நாளும்

சென்னை என்றால் ரயிலில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ், பகலில் சோழன் எக்ஸ்பிரஸ். ரோபோவைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மடியிலேயே கொண்டுபோங்கள். பஸ் டிக்கியில் போட்டால் குலுங்கி ஜம்பர் ஒயரெல்லாம் கழன்றுவிடும். கிளம்புமுன் எந்த ஒயர் எந்த முனையில் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. உடன் எடுத்துப்போக வேண்டியவை: கூடுதல் மோட்டார் ஒன்று, சென்சார் ஒன்று, கூடுதல் செல்கள், மல்டிமீட்டர், ஹாட் குளூ துப்பாக்கி, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நிரலின் பிரதி உள்ள பென்டிரைவ், பிறந்த தேதிச் சான்றின் நகல். லேப்டாப்பில் எல்லாம் இணையம் இல்லாமலே திறக்கிறதா என்று ஊரிலேயே சோதியுங்கள். முந்தின நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்றும் பார்த்து, அதற்கு முன்பே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

அரங்கில் பயிற்சி மேசை கிடைத்ததும் முதல் வேலை ஒளி அளவு எடுப்பது. முந்தின இரவு எழுதிய புதிய நிரலைப் போட்டிக்கு ஏற்ற வேண்டாம், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

ஊர் திரும்பியதும்

மதிப்பெண் தாள் கொடுத்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பணியில் எத்தனை போனது என்று அணி உட்கார்ந்து பேசி, அதே நோட்டின் கடைசியில் எழுதட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால், அந்த மாதமே இரண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியைப் பிரித்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். செல்களைப் பாதி சார்ஜில் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் வையுங்கள். போர்டுகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். கார்த்திகை மழையில் நம் பக்கத்துப் பள்ளிக் கட்டடங்களில் ஈரம் எங்கே ஏறும் என்று பியூனைக் கேட்டால் சரியாகச் சொல்வார்.